விண்டோஸ் மாற்றிய பிறகு வேர்டு திறக்கவில்லை, பத்திர ஃபைல்களும் படிக்க முடியவில்லை. உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். பத்திர எழுத்தர் அலுவலகத்தில் டைப்பிங் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று சர்வீஸ்காரர் விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். ஆபீஸ் 2010 டி டிரைவில்தான் இருந்தது, ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. ஆனால் வேர்டைத் திறந்தால், இந்தச் செயலியை இயக்கும்படி ஆப்பரேட்டிங் சிஸ்டம் அமைக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் செய்தி வருகிறது. பழைய கிரயப் பத்திர மாதிரிகளை வேர்டுபேடில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. நாளை ஒரு பத்திரப் பதிவு இருக்கிறது.

பதில் 1:
பதறாதீங்க. டி டிரைவில் இருப்பது ஆபீஸின் ஃபைல்கள் மட்டும். அதன் பதிவு விவரமெல்லாம் சி டிரைவில், விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருந்தது. அது புதிதாகிவிட்டதால் விண்டோஸுக்கு இப்போது ஆபீஸையே தெரியாது. டி-யில் உள்ள ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, டிவிடியிலிருந்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். 25 எழுத்து கீ டிவிடி பெட்டியில் ஒட்டியிருக்கும்.

பதில் 2:
அதற்கு முன்னால் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டர் (பழைய விண்டோஸின் ஃபைல்கள்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் அதை பென்டிரைவில் காப்பி எடுங்கள், விண்டோஸ் கொஞ்ச நாளில் தானாகவே அழித்துவிடும். பழைய ஃபான்ட் எல்லாம் அதற்குள் இருக்கும். உங்கள் யூசர் பெயருக்குள் ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் என்று போனால் நார்மல்.டாட்எம் கிடைக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூவில் ஹிடன் ஐட்டம்ஸை டிக் செய்யுங்கள். நீங்கள் சேமித்த ஆட்டோடெக்ஸ்ட் (அடிக்கடி வரும் வாசகங்கள்), மேக்ரோ (பல வேலைகளை ஒரே கட்டளையில் செய்வது) எல்லாம் அந்த ஒரு ஃபைலில்தான். இதை யாரும் எடுத்து வைப்பதில்லை, பிறகு மாதக்கணக்கில் தவிக்கிறார்கள்.

ஒரு சந்தேகம்: பத்திரத்தில் "அம்மா" இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரிகிறதா?

கேட்டவர்:
ஆமாம் சார், அப்படியேதான்!

பதில் 2:
அப்படியென்றால் அது பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பழைய ஃபான்ட். ஃபைல் கெடவில்லை, ஃபான்ட்தான் இல்லை. விண்டோஸ்.ஓல்டில் விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள் தேடி, டெஸ்க்டாப்பில் காப்பி செய்து, ரைட் கிளிக்கில் எல்லா யூசருக்கும் இன்ஸ்டால் கொடுங்கள். பாமினிக்குத் தனி டைப்பிங் சாஃப்ட்வேர் வேண்டாம்.

பதில் 3:
நாளைக்கு அவசரம் என்றால், டிவிடி கிடைக்கும்வரை வேர்டு ஃபைல்களைத் திறக்கும் லிப்ரே ஆபீஸ் போட்டு ஓட்டலாம், இலவசம். பாமினி அதிலும் வரும்; பக்க அளவையும் மார்ஜினையும் மட்டும் பிரிண்டுக்கு முன் சரிபாருங்கள். ஆபீஸ் 2010-க்கு 2020 அக்டோபரோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. வெளியிலிருந்து மெயிலில் வரும் ஃபைல்களை அதில் திறக்காதீர்கள்.

கேட்டவர்:
ஃபான்ட் கிடைத்தது. லிப்ரே ஆபீஸில் பத்திரம் முழுசாகத் தமிழில் தெரிகிறது, சொத்து விவரம், நான்கெல்லை எல்லாம் சரி. டிவிடி முதலாளி வீட்டில் இருக்கிறதாம், நாளை மாலை ஆபீஸ் போடுகிறேன். எல்லாவற்றையும், தனி ஃபான்ட் இல்லாமலே தமிழ் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாமா?

பதில் 2:
மாதிரிகளை மட்டும் மாற்றுங்கள், பழையதை அழிக்காமல். நடுவில் ஆங்கிலத்தில் உள்ள பெயர், பான் எண்ணைக் கன்வெர்ட்டர் தமிழென்று எடுத்து உருத்தெரியாமல் மாற்றிவிடும். ஒவ்வொன்றையும் மூலப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள்.