மார்பகப் புற்று மறுபரிசோதனை: வீடியோ கால் போதுமா?

பொன்னி:
அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து, புற்று திரும்பாமலிருக்கத் தரும் லெட்ரோசோல் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரையில் இருப்பவரை, பத்து நிமிடப் பேச்சுக்காகத் தர்மபுரியிலிருந்து சென்னைக்கு ஏன் அலையவிட வேண்டும்? மூட்டு வலி, மாத்திரை விட்டுப்போன நாட்கள், எலும்பு அடர்த்தி ஸ்கேன் முடிவு எல்லாம் திரையிலேயே பேசலாம். அறுவைக்குப் பின் வரக்கூடிய கை வீக்கத்தை அளக்கத் தையல் டேப் போதும். முழங்கைக்கு மேலும் கீழும் 10 செ.மீ. தள்ளி, இரண்டு கையிலும் சுற்றளவு எடுக்கணும். 2 செ.மீ. வித்தியாசம் இருந்தால் நேரில் வரட்டும். பெண்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்பது வெறும் சாக்கு.

கரிசல்:
சாக்கா? தழும்பையும் அக்குளையும் தடவிப் பார்க்காமல் கட்டி தெரியாது. அதைவிட, வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் மகன் கையில். அவன் பிடித்துக்கொண்டு நிற்க, எந்த அம்மா மாத்திரையால் வரும் பிறப்புறுப்பு வறட்சியைப் பற்றி வாய் திறப்பார்? கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர் பாடு இன்னும் மோசம். டைலேட்டர் (பாதையை விரித்து வைக்க உள்ளே வைக்கும் குழல்) பயன்படுத்தாவிட்டால் யோனிப் பாதை ஒட்டிச் சுருங்கும், பிறகு உள்பரிசோதனையே கஷ்டம். கேட்டால் "எல்லாம் நல்லாருக்கு டாக்டர்" என்பார். அதுவே கேஸ் ஷீட்டில் ஏறிவிடும்.

பொன்னி:
ஓ.பி.யில் மட்டும் தனியறையா கிடைக்கிறது? ஒரே மேசையைச் சுற்றி நாலு பேர்! போனில் இயர்போன் மாட்டச் சொல்லி, ஆமாம் இல்லை என்று பதில் வரும்படி கேட்டால் பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. முதல் நாளே பெண் நர்ஸ் சாதாரண அழைப்பில் பேசிவிடலாம், ஸ்மார்ட்போனே வேண்டாம்.

கரிசல்:
நர்ஸ் அழைப்பு சரி, அதை ஒத்துக்கறேன்.

மருந்துச்சீட்டு:
கீமோவை இருவருமே விட்டுட்டீங்க. மருந்து ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் பெரும்பாலும் வெள்ளையணு சரியும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் வீடியோ லிங்குக்குக் காத்திருக்கவே கூடாது, பாராசிட்டமால் போட்டு மறைக்கவும் கூடாது. நேரே அவசரப் பிரிவு. கடும் வலிக்குத் தரும் மார்ஃபினுக்கும் வீடியோ உதவாது. 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி அதைத் திரைவழியே எழுதித் தர முடியாது. வலியில் துடிப்பவர் வீட்டிலிருந்து யாராவது பஸ் ஏறத்தான் வேண்டும்.

பொன்னி:
சிகிச்சை முடிந்தவர்களைத்தான் நான் சொன்னேன். ஒரு முறை நேரில், அடுத்த முறை போனில்.

கரிசல்:
அப்போ டமாக்சிஃபென் என்ற இன்னொரு ஹார்மோன் தடுப்பு மாத்திரை எடுப்பவர்? மாதவிலக்கு நின்ற பிறகு துளி ரத்தம் பட்டாலும் கர்ப்பப்பை ஸ்கேன் பார்த்தாகணும். "அடுத்தது போன் முறைதானே, அப்போ சொல்லிக்கலாம்" என்று மூணு மாசம் தள்ளிப்போட்டால்?

பொன்னி:
அதுக்குத்தான் சீட்டின் பின்பக்கம் நர்ஸ் நம்பர்.

கரிசல்:
அழைச்சா போனை எடுக்கிறாங்களா?