ஹைபர்னேட் ஆகாத லேப்டாப்: பார்ட்டிஷனைப் பெரிதாக்கிய அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். கோயில் திருவிழா வசூல் கணக்கு என் பொறுப்பு. பழைய லேப்டாப், உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை) போட்டது, பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் பெரிது.

ஒரு ராத்திரி கணக்கைத் திறந்தபடியே மூடியைச் சாத்திவிட்டுப் படுத்தேன். மழையில் கரண்டு போயிருக்கிறது. மூடியைச் சாத்தினால் மெஷின் சஸ்பெண்டுக்கு, அதாவது தூக்கத்துக்குப் போகும். அப்போது திறந்திருக்கும் வேலையெல்லாம் ரேமில், அதாவது தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் அதுவும் போச்சு. காலையில் ரசீதுக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மறுபடி ஏற்றினேன். அழுகையே வந்துவிட்டது, ஊர்க்காசு அல்லவா.

ஹைபர்னேட் அப்படியில்லை. ரேமில் இருப்பதை ஸ்வாப் பார்ட்டிஷனில் (டிஸ்கில் அதற்கென ஒதுக்கிய பகுதி) எழுதிவிட்டு மெஷின் முழுசாக அணைந்துவிடும். ஆனால் எனக்கு ஒரு நாள் வேலை செய்தது, மறுநாள் திரை கறுத்துவிட்டுத் திரும்பி வந்தது. காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. ரேமை 4 ஜிபியிலிருந்து 8 ஆக்கியிருந்தோம், ஸ்வாப் பழைய 2 ஜிபியிலேயே கிடந்தது. ரேமில் கொஞ்சமாக இருந்தால் அதற்குள் அடங்கும், பிரௌசரில் நாலைந்து பக்கம் திறந்திருந்தால் அடங்காது.

சரி, ஸ்வாப்பை 10 ஜிபி ஆக்க முடிவு செய்தேன். முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகல் எடுத்தேன். ஸ்வாப்புக்கு இடம் வேண்டுமானால், உபுண்டு இருக்கும் ரூட் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சுருக்க முடியாது. அதனால் பென்டிரைவிலிருந்து உபுண்டுவை ஏற்றி பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டெட் என்ற மென்பொருளைத் திறந்தேன். ஸ்வாப் பக்கத்தில் சின்னச் சாவிப் படம் இருந்தால் அது பயன்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்வாப்ஆஃப் (ஸ்வாப்பை நிறுத்தும் கட்டளை) கொடுத்த பிறகே பழைய ஸ்வாப்பை அழிக்க முடிந்தது. ரூட்டைச் சுருக்கும்போது கரண்டு போனால் தொலைந்தோம். இங்கே மதியத்துக்கு மேல்தான் இடி மழை, ஆகவே காலை ஆறு மணிக்கே உட்கார்ந்தேன்.

அப்புறம் வந்ததுதான் பெரிய சிக்கல். புதிதாகப் போட்ட ஸ்வாப்புக்கு யூயூஐடி, அதாவது பார்ட்டிஷனின் அடையாள எண், மாறிவிடும். 36 எழுத்து. அதை ரசீதின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி, எஃப்எஸ்டேப் கோப்பிலும் (ஏறும்போது எந்தப் பார்ட்டிஷன்களைச் சேர்ப்பது என்ற பட்டியல்) ரெஸ்யூம் கோப்பிலும் (ஹைபர்னேட்டிலிருந்து எங்கே திரும்புவது என்ற குறிப்பு) தட்டினேன். மெஷின் ஏறும்போது ஒன்றரை நிமிடம் அப்படியே நின்றது. ஸ்வாப்பும் இல்லை. ரசீதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தால், 6 என்று எழுதியதை நான் 'பி' என்று படித்திருக்கிறேன்! திருத்தி, மெஷின் ஏறும்போது முதலில் படிக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தேன். அன்று மாலை ஹைபர்னேட் கொடுத்து, பேட்டரியையே கழற்றி, ராத்திரி மாட்டினேன். கணக்கு விட்ட வரியிலேயே நின்றது. தயவுசெய்து கையால் எழுதாதீர்கள். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடியை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்.

தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகர்: அக்கா, என் மெஷினில் விண்டோஸும் இருக்கிறது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் பாதி ஹைபர்னேட் மாதிரிதான், ஷட்டவுன் கொடுத்தாலும் டிஸ்கை முழுசாக விடாது. அது தெரியாமல் லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் வலுக்கட்டாயமாக எழுதி, தங்கச்சி கல்யாணப் படங்கள் கொஞ்சம் கெட்டுப்போயின. இப்போது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பதில்: லினக்ஸுக்கும் அதேதான் தம்பி. ஹைபர்னேட்டில் இருக்கும்போது பென்டிரைவிலிருந்து ஏற்றி ரூட் பார்ட்டிஷனைத் தொட்டுவிடாதீர்கள். படங்களின் நகல் வேறு யாரிடமாவது இருக்கிறதா? கேமராக்காரரிடம் கேட்டீர்களா?