கோல்ட் ஃப்ரேம் மூடி: கண்ணாடியா, பாலிகார்பனேட்டா? யோசனை தேவை

நாற்று வளர்க்க ஒரு கோல்ட் ஃப்ரேம், அதாவது குளிரிலிருந்து நாற்றைக் காக்கும், ஒளி புகும் மூடி போட்ட அடியில்லாப் பெட்டி, செய்கிறேன். பெட்டி தயார், மூடியில்தான் உங்கள் உதவி வேண்டும்.

பெட்டி 25 மி.மீ. பலகையில், 120 செ.மீ. நீளம், 60 அகலம். பின்பக்க உயரம் 45, முன்பக்கம் 30. சரிவு வெயில் வரும் திசையைப் பார்த்து இருக்கிறது. அடியில் ஒரு வரிசை செங்கல். பலகை நேரே மண்ணில் உட்கார்ந்தால் சீக்கிரமே மக்கிவிடும்.

4 மி.மீ. கண்ணாடி போட்டால் சட்டம் இல்லாமலே 7 கிலோவைத் தாண்டுகிறது. வெயில் ஏறியதும் உள்ளிருக்கும் மெழுகு விரிந்து மூடியைத் தானாகத் திறக்கும் கருவி பொருத்த ஆசை. அது இல்லாவிட்டால், வெளியே குளிராக இருந்தாலும் நல்ல வெயிலில் உள்ளே 30 டிகிரியைச் சட்டென்று தாண்டி நாற்று வதங்கிவிடும். ஆனால் சிறிய கருவிகள் இந்த எடையைத் தூக்குமா?

6 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் (நடுவே குழல் குழலாக இடைவெளி உள்ள ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு) ஒரு கிலோ அளவில் முடிந்துவிடும், இரவில் சூட்டையும் கூடுதலாகப் பிடித்து வைக்கும். என் மனம் இதன் பக்கம்தான். குழல்கள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், புறஊதாப் பூச்சுள்ள பக்கம் வெளியே பார்க்க வேண்டும், மேல் முனையை டேப்பால் அடைக்க வேண்டும் என்பதெல்லாம் சரி. சிக்கல் காற்றுதான். இவ்வளவு லேசான மூடி பாதி திறந்திருக்கும்போது பலமாக வீசினால் கீலோடு பிய்ந்துவிடும். கொக்கி மாட்டினால் கருவி வேலை செய்யாது.

இரண்டு பக்கமும் சங்கிலி கட்டித் திறப்பை 20 செ.மீ.யில் நிறுத்தினால் போதுமா? அல்லது முன்சட்டத்தில் எடை சேர்ப்பது நல்லதா? சேர்த்தால் எத்தனை கிலோ வரை? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.