லே மான் 24 மணி நேரப் பந்தயம்: இரவில் பாரிஸுக்குத் திரும்ப முடியுமா? (அவசரம்)

தார்ச்சாலை:
வணக்கம். பிரான்ஸின் லே மான் கார் பந்தயத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டோம். அறை பாரிஸில் பதிவாகியுள்ளது. சனிக்கிழமை இருட்டில் கார்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பி, ஞாயிறு காலை மீண்டும் செல்லலாமா? இன்றே முடிவெடுக்க வேண்டும்.

மழைச்சக்கரம்:
எத்தனை பேர்? காரிலா, ரயிலிலா? பொதுச் சீட்டா, பார்வையாளர் மேடை இருக்கையா? இவை தெரியாமல் என்ன சொல்வது?

பழைய பிட்:
ஆண்டுதோறும் தவறாமல் வரும் கேள்வி இது. பழைய இழைகளைப் படிக்கும் பொறுமைதான் புதியவர்களுக்கு இல்லை. பந்தயம் சனி மாலை 4 மணிக்குத் தொடங்குகிறது. ஜூன் நடுவில் அங்கே சூரியன் மறைய ஏறத்தாழ இரவு 10 மணியாகும். இருட்டிய பின் கார்களை நிதானமாகப் பார்த்துவிட்டு ரயில் பிடிப்பது எப்படி என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

புல்தரை:
அறையே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. டெர்ட்ர் ரூஜ் வளைவருகே ஒரு போர்வையும் காதடைப்பானும் இருந்தால் போதும். விடியற்காலை வெளிச்சத்தில் அழுக்கேறிய கார்கள் வருவதைப் பார்க்காதவர் இப்பந்தயத்தைப் பாதிதான் பார்த்தவர்.

தார்ச்சாலை:
மன்னிக்கவும். நானும் என் தந்தையும் மட்டுமே. அவருக்கு 68 வயது. ரயிலில் செல்கிறோம். பொதுச் சீட்டு.

மழைச்சக்கரம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து லே மானுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பின்னர் பந்தயத் தடத்தருகே உள்ள அந்தாரேஸ் நிறுத்தம் வரை டிராம். பயணம் எளிதுதான், ஆனால் தடத்தின் நீளம் 13.6 கிலோமீட்டர் என்பதால், ஆர்னாஜ், முல்சான் வளைவுகளுக்கு நடக்க எண்ணாமல் பந்தய நாள் பேருந்தில் செல்லுங்கள். பெரியவரைப் புல்லில் படுக்க வைக்காதீர்கள். மேடையில் இருக்கை கிடைக்குமா என்று பாருங்கள். சனி இரவு அறையைக் கைவிட்டு அங்கேயே இருப்பது ஒரு வழி. இருட்டைக் கைவிட்டு மாலையிலேயே திரும்பி, ஞாயிறு முதல் ரயிலில் வந்து இறுதிவரை பார்ப்பது மற்றொரு வழி. இரண்டும் ஒருசேர நடவாது.

கோவைக்காரன்:
தந்தையிடம் சொல்லுங்கள்: லே மானில் தகுதிச்சுற்று ஓட்டிய முதல் இந்தியர் நம் ஊர் நரேன் கார்த்திகேயன், 2009இல்.

பழைய பிட்:
தகுதிச்சுற்று வேறு, பந்தயம் வேறு. தொடங்குவதற்குச் சற்று முன் தோள்பட்டை விலகியதால் அவர் பந்தயத்தில் ஓட்டவே இல்லை. பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் சென்னையின் கருண் சந்தோக்; 2012இல் அவர் அணி ஒட்டுமொத்தமாக 6ஆம் இடம் பெற்றது.

கோவைக்காரன்:
நான் எழுதியதும் தகுதிச்சுற்று என்றுதான். நரேன் அணியின் மற்ற இருவர் மட்டுமே ஓட்டி அவர்களது ஆடி (Audi) காரை 7ஆம் இடத்தில் முடித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாமே?

புல்தரை:
கேட்டவர் தூங்க இடம் கேட்டார், ஐயா.

தார்ச்சாலை:
சனி இரவு அறையை ரத்து செய்துவிட்டோம். மேடையில் இரண்டு இருக்கைகள் கிடைத்தன. அனைவருக்கும் நன்றி.

மழைச்சக்கரம்:
எந்த மேடை? மேலே கூரை உள்ளதா? மழை வந்தால் அதுதான் முக்கியம்.

புல்தரை:
ஆள் போய்விட்டார் போலிருக்கிறது. கூரை இல்லையென்றால் மழைச்சட்டை இரண்டு வாங்கிக்கொள்ளட்டும்.