செப்புக் காசின் களிம்பைத் துலக்குவதா, அப்படியே காப்பதா?

செம்பன்:
வணக்கம். தாத்தா விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் 61 செப்புக் காசுகள் இருந்தன. பெரும்பாலானவை கரும்பழுப்பாகவும், சில கெட்டியான பச்சைப் படலத்துடனும் இருக்கின்றன. இரண்டின்மேல் மண் இறுகிக் கிடக்கிறது. சென்ற வாரம் ஒரு காசை எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பழைய பல்தூரிகையால் தேய்த்தேன். பச்சை போய்விட்டது; ஆனால் காசு தோல் உரிந்ததுபோல் இளஞ்சிவப்பாகிவிட்டது, விளிம்போரம் தெரிந்த இரண்டு எழுத்துகளும் மறைந்துவிட்டன. மற்றவற்றைச் சுத்தம் செய்யலாமா, இருந்தபடியே வைப்பதா? இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஒரு காசிலிருந்து மட்டும் வெளிர்பச்சை மாவு உதிர்கிறது.

துலக்கம்:
எலுமிச்சைச் சாறு தவறு என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஒரு வழி தவறிப்போனதற்காகச் சுத்தம் செய்வதே கூடாது என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். காசு படிப்பதற்காகவே அச்சிடப்பட்டது. வெளியிட்டவர் யார், எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை என்று எதுவும் தெரியாத ஒரு வட்டத் தகட்டை இன்னும் ஐம்பது ஆண்டுகள் பட்டுத்துணியில் பொதிந்து வைத்தாலும், அதிலிருந்து யாரும் எதையும் அறியப்போவதில்லை. அருங்காட்சியகங்களும் சுத்தம் செய்யத்தான் செய்கின்றன. அவர்கள் பொறுமையாகச் செய்கிறார்கள், நாம் அவசரப்படுகிறோம் என்பதே வேறுபாடு.

கரும்பழுப்பு:
மறைந்துபோன அந்த இரண்டு எழுத்துகளைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். செம்பின் மேற்பரப்பில் முதலில் உண்டாவது குப்ரைட் என்னும் செந்நிற ஆக்சைடு. அதன்மேல் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து மாலகைட் என்னும் பச்சைக் கார்பனேட்டை உண்டாக்குகின்றன. நெடுங்காலம் ஈரத்தில் கிடந்த காசில் மேற்புற உலோகம் முழுவதுமே இவ்வாறு மாறிவிடுவதுண்டு. எனினும் அது நின்ற இடத்திலேயே மாறுவதால் எழுத்தின் வடிவம் அந்தப் படலத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அடியில் எஞ்சியுள்ள உலோகம் வெறும் மேடுபள்ளம். அமிலம் படலத்தைக் கரைத்தபோது எழுத்தும் அதனோடு கரைந்தது. செம்பன் இழந்தது அழுக்கை அன்று.

களிம்பு செம்போடு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை சொல்லும். அங்கே களிம்பு நீங்க வேண்டிய மாசு. காசில் அதுவே எழுத்தைத் தாங்கும் தோல்.

சுரண்டுவதிலும் ஆபத்து உண்டு. மோஸ் அளவில் செம்பின் கடினத்தன்மை ஏறத்தாழ 3, மாலகைட்டுக்கு 3.5 முதல் 4 வரை. எனவே படலத்தைச் சுரண்டும் ஊசி சற்றே வழுக்கினாலும் கீறல் விழுவது மென்மையான உலோகத்தில்தான். இன்று எல்லா உலோகக் காசுகளுக்கும் பயன்படும் 70 வரையிலான தர அளவை 1949-இல் வில்லியம் ஷெல்டன் வகுத்தது அமெரிக்காவின் பழைய பெரிய செப்பு சென்ட் காசுகளுக்காகவே. செம்புக்கு இன்றும் சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என்று நிறத்தையும் சேர்த்தே தரம் குறிக்கிறார்கள். தேய்த்த செம்பை அனுபவம் உள்ள கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும்; பிறகு அதைத் திருத்த வழியே இல்லை.

துலக்கம்:
படலத்தைப் பற்றித் தாங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் படலம் வேறு, அதன்மேல் இறுகிய மண் வேறு. என்னிடம் இருந்த ஒரு காசின் ஒரு பக்கம் முழுவதும் மண்கட்டியாகவே இருந்தது. அதைக் காய்ச்சி வடித்த நீரில் இட்டு, மூன்று நாளுக்கொரு முறை நீரை மாற்றி, மூன்று மாதம் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் பத்து மடங்கு உருப்பெருக்கியின் கீழ், கூராகச் சீவிய மூங்கில் குச்சியால் இளகிய மண்ணை மட்டும் தள்ளினேன். ஒரு மாலையில் அரிசி அளவு மண் ஒரே துண்டாகப் பெயர்ந்தது. அடியில் வழவழப்பான கரும்பச்சைப் படலமும், அதில் ஒரு காளையின் திமிலும் இருந்தன. படலத்தில் ஒரு கீறல்கூட இல்லை. 'எதையும் தொடாதே' என்ற அறிவுரையைக் கேட்டிருந்தால் அந்தக் காளையை நான் பார்த்திருக்கவே முடியாது. முன்பு நீருக்குப் பதிலாக ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்திருக்கிறேன். அதுவும் மென்மையான வழிதான்.

கரும்பழுப்பு:
நீரும் மூங்கிலும் சரி. எண்ணெயை ஏற்க முடியாது. ஆலிவ் எண்ணெயிலுள்ள ஒலியிக் அமிலம் செம்போடு மெதுவாக வினைபுரிந்து பச்சை நிறச் சோப்பு போன்ற சேர்மத்தை உண்டாக்குகிறது. மென்மை என்று தோன்றுவது அதன் வேகம் குறைவு என்பதால் மட்டுமே. நுண்துளைகளுக்குள் புகுந்த எண்ணெயை முழுமையாக வெளியேற்றுவதும் எளிதன்று.

ஈரப்பதம்:
பொருள் பாதுகாப்பு ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். இருவரும் அறுபது காசுகளைப் பற்றி வாதிடுகிறீர்கள். எனக்கோ அந்த மாவு உதிரும் ஒரு காசுதான் கவலை தருகிறது. அது வெண்கல நோயாக இருக்க வாய்ப்பு மிகுதி. பெயர் நோய் என்றாலும் அது கிருமியால் வருவதன்று. உலோகத்தை ஒட்டிப் படலத்துக்கு அடியில் தங்கியுள்ள குப்ரஸ் குளோரைடு, ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தவுடன் வெளிர்பச்சைத் தூளாக மாறுகிறது. மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிடுகிறது. அந்த அமிலம் மேலும் செம்பைத் தாக்கிப் புதிய குளோரைடை உண்டாக்குகிறது. இந்தச் சுழற்சி தானாக நிற்பதில்லை. தூள் முன்னைவிடக் கூடுதல் இடத்தைப் பிடிப்பதால் நல்ல படலத்தையும் உடைத்துக்கொண்டு வெளிவரும்.

செம்பன் அவர்களே, அதை இன்றே தனியே எடுத்து, காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த வினை ஏறக்குறைய முடங்கிவிடும். விரல் நகத்தால் தொட்டுப் பாருங்கள்: கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சை பெரும்பாலும் நிலையானது, மாவாக உதிர்ந்து, உதிர்ந்த இடத்தில் சிறு குழி தெரிந்தால் அது நோய். ஆய்வகத்தில் எத்தனாலில் 3 சதவீதம் பென்சோட்ரையசோல் கரைத்து அதில் காசை அமிழ்த்துவோம். அது செம்போடு சேர்ந்து ஒரு காப்புப் படலமாகிறது. அந்தப் பொருள் உடலுக்குத் தீங்கானது. கையுறையும் காற்றோட்ட வசதியும் இல்லாமல் வீட்டில் செய்ய வேண்டாம்.

கரும்பழுப்பு:
இதை நான் எதிர்க்கவில்லை. அழகுக்காகத் துலக்குவதும் அழிவைத் தடுக்கத் தலையிடுவதும் ஒன்றல்ல. எனினும் பென்சோட்ரையசோலிலும் எனக்குத் தயக்கம் உண்டு: அது குளோரைடை வெளியேற்றுவதில்லை, மூடி வைக்கிறது. ஈரத்தைக் கட்டுப்படுத்த முடியும் இடத்தில் உலர்வே போதும்.

ஈரப்பதம்:
கட்டுப்படுத்த முடிந்தால் போதும்தான். மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து மூட மறந்த ஒரே இரவுக்குப் பின் முளைத்த பச்சைப் புள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இரண்டையும் செய்கிறோம்.

துலக்கம்:
அழுக்கு நீக்குவதற்கும் அழிவைத் தடுப்பதற்கும் இடையே கரும்பழுப்பு அவர்கள் போடும் கோடு அவ்வளவு நேரானதன்று. இறுகிய மண்ணுக்குள் ஈரமும் உப்பும் தங்கும். மண்ணை எடுக்காமல் அடியில் நோய் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? இந்த இடத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளமாட்டேன்.

செம்பன்:
அனைவருக்கும் நன்றி. எல்லாக் காசுகளையும் இருபுறமும் படமெடுத்து, எடையைக் குறித்துவைத்தேன். மாவு உதிரும் காசு ஈரப்பதமானியோடு உலர்பெட்டியில் இருக்கிறது. முதல் நாள் 58 காட்டியது, இன்று ஒன்பதாம் நாள் 34. புதிய தூள் இல்லை. மண் இறுகிய இரண்டையும் காய்ச்சி வடித்த நீரில் இட்டிருக்கிறேன், எண்ணெய் இல்லை. எஞ்சியவற்றைத் துலக்கப்போவதில்லை. ஆனால் அவற்றில் பன்னிரண்டு காசுகள் மென்மையான பிளாஸ்டிக் உறைகளில் இருந்தன. உறையின் உட்புறம் பிசுபிசுப்பான பச்சை ஒட்டியிருக்கிறது. அந்த இளஞ்சிவப்புக் காசை என்ன செய்யலாம்?

ஈரப்பதம்:
அந்த உறைகள் பிவிசி. அவை நாளடைவில் அமிலத்தை வெளிவிடும். காசுகளை எடுத்து, தூய அசிட்டோனில் சில நிமிடம் அமிழ்த்தி, தேய்க்காமல் உலரவிடுங்கள். அருகில் தீ இருக்கக் கூடாது. பிறகு பாலியெஸ்டர் உறைக்கு மாற்றுங்கள்.

கரும்பழுப்பு:
இளஞ்சிவப்புக் காசில் எஞ்சிய அமிலம் போகக் காய்ச்சி வடித்த நீரில் சில நாள் வைத்து, அசிட்டோனில் அலசி உலர்த்துங்கள். கந்தகம் பூசிச் செயற்கையாகக் கருப்பேற்றச் சொல்பவர்கள் வருவார்கள், வேண்டாம். விளிம்பை மட்டும் பிடித்து எடுத்து, காகித உறையில், வெறும் காற்றோடு விட்டுவிடுங்கள். சில ஆண்டுகளில் தானே பழுப்பேறும். உறையின்மேல் எலுமிச்சைச் சாற்றில் கழுவிய தேதியையும், மறைந்த அந்த இரண்டு எழுத்துகள் நினைவிருந்தால் அவற்றையும் எழுதி வையுங்கள்.