உருண்டைக்குச் சரியாக வருது, அரைவட்டத்துக்கு வரலை: சிம்சன் கோடில் என்ன பிழை?

கேள்வி:
பைத்தானில் சிம்சன் விதிக்கு (வளைவைப் பட்டைகளாகப் பிரித்து, மேல்விளிம்பைப் பரவளையமாக எடுத்துப் பரப்பைத் தொகையிடும் முறை) ஒரு ஃபங்ஷன் எழுதினேன். கன அளவு காண, 10 செ.மீ. ஆரமுள்ள உருண்டையின் குறுக்குவெட்டுப் பரப்பை −10 முதல் 10 வரை தொகையிட்டேன். இரண்டே பட்டையில் 4188.79, சூத்திரத்தில் வருவதும் அதேதான். பட்டையின் மேல்விளிம்பை நேர்கோடாக எடுக்கும் சரிவக விதி இரண்டு பட்டைக்கு 3141.59, பத்துக்கு 4146.90. இனி இது எதற்கு என்று சரிவக ஃபங்ஷனை அழித்துவிட்டேன். ஆனால் அதே ஆரமுள்ள அரைவட்டத்தின் பரப்புக்கு, இரண்டு பட்டையில் சிம்சன் தருவது 133.33! வர வேண்டியது 157.08. பத்துப் பட்டை போட்டும் 155.01தான். ரெண்டு நாளா மண்டை காயுது.

பதில் 1:
கோடில் தப்பில்லை. உருண்டையில் நீங்கள் தொகையிடுவது வெட்டுமுகத்தின் ஆரத்தை அல்ல, அதன் வர்க்கத்தை: பை × (100 − எக்ஸ்²). இருபடிக் கோவை. சிம்சன் மூன்று புள்ளி வழியாக வரைவதே பரவளையம்தான், பிசிறு விழ இடமேது? முப்படி வரை இப்படியே. கூம்பு, வாளி எல்லாம் இரண்டு பட்டையில் முடிந்துவிடும்.

அரைவட்டத்திலோ வர்க்கமூலம் அப்படியே நிற்கிறது. இரு முனையிலும் வளைவு செங்குத்தாக எழும்புகிறது. பரவளையம் அங்கே ஒட்டாது. எக்ஸுக்குப் பதில் −10 காஸ் தீட்டா போடுங்கள். 0 முதல் பை வரை 100 சைன்² தீட்டாவைத் தொகையிட்டால் போதும்.

(விதிக்கு சிம்சன் பெயர் என்றாலும் அது அவருக்கும் முந்தையது; அவர் பிறந்ததே 1710இல். 1613இல் லின்ஸ் நகரில், கல்யாணம் ஆன புதிதில் வீட்டுக்கு வாங்கிய ஒயினை, வியாபாரி பீப்பாய்க்குள் கோலை விட்டு அளந்தது வானியலாளர் கெப்ளருக்குத் திருப்தியில்லை; 1615இல் அதற்கென்று புத்தகமே போட்டார். ஜெர்மன்காரர்களுக்கு இது கெப்ளரின் பீப்பாய் விதி.)

கேட்டவர்:
போட்டேன். இரண்டு பட்டைக்கு 209.44! முன்னைவிட மோசம்.

பதில் 2:
நாலு பட்டை போடுங்க, சரியாகிடும். அதைவிட, இங்கே சரிவக விதியே மேல். பட்டை அகலம் பை/2, நடு உயரம் 100, முனைகள் 0. பெருக்கிப் பாருங்க: 157.08. சைன்² ஒரு அலை. சம இடைவெளியில் புள்ளி எடுத்தா மேடும் பள்ளமும் தானா கழிஞ்சுடும். இரண்டு பட்டையில் சிம்சன் நடுப்புள்ளிக்கு அளவுக்கு மீறி எடை தந்துடுது.

கேட்டவர்:
வந்துவிட்டது, 157.08. அழித்த சரிவக ஃபங்ஷனை மறுபடி முதலிலிருந்து டைப் பண்ண வேண்டியதாப் போச்சு.