ஆசிரியர்களே, பண்டைய எகிப்து பாடம் நடத்தும்போது நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் எது? புனைபெயரிலேயே எழுதலாம்.

கடைசி பீரியட்:
ஒன்பதாம் வகுப்பு. போர்டில் முக்கோணம் போட்டாச்சு. உச்சியில் அரசர் பாரோ, அப்புறம் தலைமை அமைச்சரான விசியர், பூசாரிகள், எழுத்தர்கள், கைவினைஞர்கள், அடியில் விவசாயி. பசங்களுக்குக் கொட்டாவி. சரி, சிரிக்க வைப்போம் என்று அந்தக் காலத்து எகிப்தியக் கேட்டி கதையை எடுத்தேன். மகன் பெப்பியை எழுத்தர் பள்ளியில் சேர்க்கப் படகில் கூட்டிப்போகிற அப்பா, வழியெல்லாம் மற்ற தொழில்களை மட்டம் தட்டுவாரே, அதுதான். குயவன் மண்ணில் புரள்கிறான், சலவைக்காரன் முதலைக்குப் பக்கத்தில் நின்று துவைக்கிறான் என்று நடித்தே காட்டினேன். முடி திருத்துகிறவன் பொழுது சாய்ந்தும் தெருத்தெருவாக ஆள் தேடி அலைகிறான் என்றதும் வகுப்பே சிரித்தது. மூன்றாம் பெஞ்சில் ஒருவன் மட்டும் ஸ்கேலால் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் அப்பாவுக்குச் சலூன். எனக்குத் தெரியும். வாய் ஓடுகிற வேகத்தில் மறந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தான். "இதை எழுதினது யார் சார்?"

"எழுத்தர்தான்டா. எழுதப் பழகுகிற பையன்கள் நகலெடுத்த பாடம் இது."

"அதானே" என்று உட்கார்ந்துவிட்டான்.

சாக்பீஸ் தூள்:
நான் மாட்டிக்கொண்டது கூஃபு மன்னரிடம். 146 மீட்டர் உயரப் பிரமிடைக் கட்டியவர், ஆனால் முழுசாகக் கிடைத்த சிலை ஏழரை சென்டிமீட்டர்தான், தந்தத்தில் செய்தது என்று சொல்லிப் புது சாக்பீஸ் ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். முன்வரிசைப் பிள்ளை அதை வாங்கி உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தாள். "இவ்வளவுதானா ராஜா?" இப்போதும் புது டப்பா பிரிக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது.

ஆறாம் வகுப்பு டீச்சர்:
கடைசி பீரியட் சார், தப்பு கதையில் இல்லை, முக்கோணத்தில் இருக்கிறது. நான் அதைப் போடுவதையே விட்டுவிட்டேன். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரோடு ஆரம்பிப்பேன். தெயிர் எல்-மெதினா என்கிற ஊரில் குடியிருந்து அரச கல்லறை வெட்டிய ஆட்களின் விடுப்புக் கணக்கு, இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டில் சுண்ணாம்புக்கல் சில்லில் எழுதியது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயருக்கு நேரே தேதி, தேதிக்கு மேலே சிவப்பு மையில் காரணம். தேள் கடித்தது, கண் நோவு, பீர் காய்ச்சினான், அம்மாவின் உடலுக்குத் துணி சுற்றினான். போன வருஷம் இதைச் சொன்னபோது, நாலு நாள் வராத ஒருத்தி, "அம்மா செத்ததுக்கு லீவு கொடுத்தாங்களா டீச்சர்?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. அது போகட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதல் நாள் நைல் வெள்ளத்தை மட்டும் சொல்லுங்கள். வெள்ளம் சரியாக வந்தால் விளைச்சல், விளைந்தால் வரி, வரிதான் அரண்மனை. இரண்டாம் நாள் கூலி. அந்த ஊரில் காசு கிடையாது, மாசத்துக்கு நாலு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆண்டில் தானியம் வராமல் போக, அவர்கள் வேலையைப் போட்டுவிட்டுக் கோயில் பின்னால் போய் உட்கார்ந்ததையும் சொல்லுங்கள். அதை எழுதிவைத்த பாப்பிரஸ் ஏடு இத்தாலியில் டூரினில் இருக்கிறது. பாரோவைக் கடைசியில் கொண்டுவாருங்கள். நோட்டில் படம் வேண்டாம், வாயால் சொல்ல வையுங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் முக்கோணத்தைக் கொடுத்தால் போதும்.

வண்டல்:
டீச்சர், அந்த ஒரு ஊரை வைத்து எகிப்து முழுவதையும் அளக்காதீர்கள். அவர்கள் தேர்ந்த வேலைக்காரர்கள், குடியிருக்க வீடு கொடுத்து வைத்திருந்தார்கள். வயலில் நின்றவனைத் தேள் கடித்தால் யார் சிவப்பு மையில் எழுதினார்கள்? பிரமிடுகள் நிற்கிற கிசாவில் தொழிலாளர் கல்லறைகள் 1990இல் கிடைத்ததிலிருந்து, பிரமிடு கட்டியவர்கள் அடிமைகள் இல்லை என்று நாமும் சொல்லிக்கொடுக்கிறோம். அதுவும் சரிதான். ஆனால் கட்டாய வேலை இருந்ததே! கல்லறையில் வைக்கும் உஷப்தி பொம்மைகள் எதற்கு? மறுமையில் வயல் வேலைக்குக் கூப்பிட்டால் செத்தவருக்குப் பதிலாக "இதோ வந்தேன்" என்று போவதற்கு. நாளுக்கு ஒன்றாக 365 வைத்ததும் உண்டு. பிற்காலத்தில் அதற்கு மேல் சாட்டையோடு மேஸ்திரிப் பொம்மைகளும் வைத்தார்கள். இதைச் சொன்னபோது, கட்டட வேலைக்குப் போகிற வீட்டுப் பையன் ஒருவன் சிரிக்காமல் கேட்டான்: "பொம்மைக்கும் மேஸ்திரியா சார்?"

சாக்பீஸ் தூள்:
இருவரும் சொல்வது ஒன்றுதானே, எதற்குச் சண்டை?

வண்டல்:
ஒன்றில்லை.

கடைசி பீரியட்:
எல்லாரும் பாடத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டீர்கள், சந்தோஷம். அடுத்த வாரம் திருப்புதல் தேர்வு, எகிப்தியச் சமூகம் ஐந்து மதிப்பெண்ணில் வரும், முக்கோணத்தைப் போட்டுத்தான் ஆக வேண்டும். நான் கேட்க வந்தது வேறு. வழக்கமாக அவன் அப்பா கடையில்தான் முடி வெட்டிக்கொள்வேன். ஒரு மாசமாகப் போகவில்லை. காது மேல் இறங்கிவிட்டது.